தமிழ்த் தளம் தேடலில் ஏன் அகப்படுவதில்லை?

சிறு வணிகர்களுக்கும் எழுதுகிற நண்பர்களுக்கும் இணையதளம் அமைத்துக் கொடுப்பதும் பராமரிப்பதும் என் தொழிலின் ஒரு பகுதி என்பதால், "கூகுளில் தேடினால் நம் தளம் வரவே இல்லை" என்ற முறையீடு அடிக்கடி என் காதில் விழுகிறது. சொல்பவர் மனத்தில் இருப்பது பெரும்பாலும் போட்டியைப் பற்றிய கவலைதான். தம்மைவிடப் பெரிய நிறுவனங்கள் முன்னால் நிற்கின்றன, அவற்றைத் தாண்டுவதற்கு ஏதோ ஒரு சூட்சுமம் இருக்கிறது, அது தெரிந்தவருக்குப் பணம் கொடுத்தால் காரியம் முடிந்துவிடும் என்று அவர் நம்புகிறார். ஆனால் நான் திறந்து பார்த்த தமிழ்த் தளங்களில் பல, போட்டி நடக்கும் இடம்வரை போய்ச் சேரவே இல்லை. தேடுபொறியால் படிக்க முடியாத நிலையிலோ, தேடுகிறவர்கள் பயன்படுத்தாத சொற்களிலோ அவை இருந்தன. இந்த இரண்டையும் சரிசெய்யாமல், தளத்தைத் தேடலில் முன்னே கொண்டுவரும் வேலையான எஸ்.இ.ஓ. என்ற பெயரில் செலவிடும் பணம் வீண் என்பது என் கருத்து.

தேடுபொறியின் வேலை மூன்று கட்டங்களாக நடக்கிறது. கூகுள்பாட் என்னும் நிரல் சுட்டிகளை, அதாவது ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் லிங்குகளை, பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகச் சென்று அவற்றை எடுத்து வருவது முதல் கட்டம். எடுத்து வந்த பக்கம் எந்த மொழியில் இருக்கிறது, எதைப் பற்றிப் பேசுகிறது, வேறொரு பக்கத்தின் நகலா என்றெல்லாம் பார்த்து, இன்டெக்ஸ் என்னும் தன் அட்டவணையில் சேர்ப்பதா விடுவதா என்று முடிவு செய்வது இரண்டாவது. ஒருவர் தேடும்போது அந்த இன்டெக்ஸிலிருந்து எடுத்து வரிசைப்படுத்திக் காட்டுவது மூன்றாவது. எல்லாரும் பேசுவது இந்த மூன்றாவது கட்டத்தைப் பற்றி மட்டுமே. ஆகவே யார் வந்து கேட்டாலும், கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோலில் தளத்தைப் பதிவு செய்து, முக்கியமான பக்கங்களின் முகவரிகளை அதிலுள்ள ஆய்வுப் பெட்டியில் ஒவ்வொன்றாக இட்டு, அவை இன்டெக்ஸில் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்கச் சொல்கிறேன். இல்லையென்றால் காரணத்தையும் அதுவே ஓரளவு சொல்லிவிடும்.

காரணம் சில நேரம் சிரிப்பை வரவழைக்கும். தளம் கட்டப் பயன்படும் மென்பொருளான வேர்ட்பிரஸில் வேலை செய்யும்போது, வேலை முடியும்வரை வெளியே தெரிய வேண்டாம் என்று தேடுபொறிகளைத் தவிர்க்கச் சொல்லும் ஒரு கட்டத்தில் டிக் செய்துவைப்பார்கள். தளம் திறப்புவிழா கண்டு, விசிட்டிங் கார்டில் முகவரி அச்சாகி, வாட்ஸாப் குழுக்களில் வாழ்த்துகளும் வந்து முடிந்த பிறகும் அந்த டிக் அப்படியே இருக்கும். இதைவிடச் சற்றுச் சிக்கலானது, ரோபோட்ஸ் கோப்பையும் நோஇன்டெக்ஸ் குறிப்பையும் போட்டுக் குழப்பிக்கொள்வது. 1994-இல் மார்ட்டின் கோஸ்டர் முன்வைத்து, 2022-இல்தான் முறையான இணையத் தரமாகப் பதிவான அந்த ரோபோட்ஸ் கோப்பு, "இந்தப் பக்கத்தை எடுக்க வராதே" என்று மட்டுமே நிரலுக்குச் சொல்கிறது. "இன்டெக்ஸில் சேர்க்காதே" என்று சொல்வது நோஇன்டெக்ஸ். ஒரு பக்கத்தை மறைக்க நினைத்து இரண்டையும் சேர்த்துப் போட்டால், நிரல் உள்ளே வராததால் நோஇன்டெக்ஸ் குறிப்பு அதன் கண்ணில் படாது. அந்தப் பக்கத்துக்கு வெளியிலிருந்து சுட்டிகள் இருந்தால், விவரம் ஏதுமின்றி முகவரி மட்டும் தேடல் முடிவில் வந்து நிற்கவும் கூடும்.

தஞ்சாவூர்ப் பக்கத்தில் மரபு நெல் அரிசி விற்கும் நண்பர் ஒருவரின் தளம் இந்தத் தடைகள் எதுவும் இல்லாமல் இன்டெக்ஸில் ஒழுங்காக இருந்தது. அப்படியிருந்தும் 'கருப்பு கவுனி அரிசி' என்று தேடியவர்களுக்கு அது கிடைக்கவில்லை. பக்கத்தைத் திறந்தால் அழகான ஒரு போஸ்டர் தெரிந்தது. அரிசியின் பெயர், விலை, ஊறவைக்கும் முறை, பயன்கள் எல்லாம் வண்ண வண்ணமாக அதில் இருந்தன. ஆனால் அத்தனையும் ஒரே படம். பக்கத்தின் மூல நிரலைப் பார்த்தபோது, எழுத்தாக இருந்தவை மெனுவில் உள்ள சில சொற்களும் அடியில் உள்ள தொலைபேசி எண்ணும் மட்டுமே. படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் திறன் இன்றைய கணினிகளுக்கு இருக்கிறது என்றாலும், அதை நம்பி ஒரு கடையின் முழு விவரத்தையும் படத்துக்குள் பூட்டி வைக்க முடியாது. அச்சகத்தில் நோட்டீஸ் வடிவமைக்கும் பழக்கம் அப்படியே இணையத்துக்கு வந்ததன் விளைவு இது. தமிழ்நாட்டுச் சிறு வணிகத் தளங்களில் இதைவிடப் பரவலான கோளாறை நான் பார்த்ததில்லை.

இதற்கு ஒரு மூத்த உறவும் உண்டு. எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்து வைத்த பக்கங்கள் இன்னும் சில பழைய தளங்களில் கிடக்கின்றன. பாமினியில் 'தமிழ்' என்று கண்ணுக்குத் தெரிவது, கணினிக்குள்ளே ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். தேடுபொறி படிப்பதும் அதைத்தான். இத்தகைய பக்கங்களில் அருமையான கட்டுரைகள் இருக்கின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றித் தரும் செயலிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்போது, மாற்றாமல் விட்டுவைப்பதற்கு நியாயமே இல்லை.

யூனிகோடில் எழுதுகிறவர்களும் முழுக்கத் தப்பித்துவிடவில்லை. 'பௌர்ணமி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஔகார உயிர்மெய்யின் வலப்பக்கத் துண்டு பார்ப்பதற்கு 'ள' போலவே இருப்பதால், ஒற்றைக்கொம்பு போட்ட 'பெ'வுக்கு அடுத்து உண்மையான 'ள'வைத் தட்டி 'பெளர்ணமி' என்று எழுதுவோர் ஏராளம். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. ஆனால் கணினிக்கு ஒன்று 'பௌ' என்னும் ஓரெழுத்து, மற்றது 'பெ', 'ள' என்னும் ஈரெழுத்து. ஒரு பக்கத்தைத் திறந்து உலாவியின் தேடும் வசதியில் ஒரு வடிவத்தை இட்டால் மற்றது அகப்படாது என்பதை யாரும் உடனே சோதித்துப் பார்க்கலாம். கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டி உருவாக்கிய 'கொ' போன்றவற்றை யூனிகோடின் சீராக்கும் விதிகள் ஒன்றாக்கிவிடும். 'ள'வோ தனி மெய்யெழுத்து என்பதால் எந்த விதியும் அதைத் தொடாது. 'ஔ'வுக்குப் பதில் 'ஒள', 'எ' இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண்ணான '௭' என்று இந்தக் குடும்பம் பெரிது. கூகுள் இவற்றில் சிலவற்றை எழுத்துப்பிழையாகக் கருதிச் சமாளிக்கக்கூடும் என்றாலும், கிரிவல நாள்களைப் பட்டியலிடும் ஒரு தளம் தலைப்பிலேயே இப்படி எழுதிவிட்டு அந்தத் தயவை நம்பிக்கொண்டிருப்பது சரியல்ல. தளத்துக்குள்ளேயே இருக்கும் தேடல் பெட்டிக்கு அந்தச் சாமர்த்தியமும் பெரும்பாலும் கிடையாது.

படத்தை எழுத்தாக்கிய பின் நண்பரின் பக்கத்தில் எழுந்த கேள்வி, எந்தச் சொற்களில் எழுதுவது என்பது. அவர் எழுதித் தந்த வாசகம் 'பாரம்பரியத்தின் பெருமை, ஆரோக்கியத்தின் அருமை' என்று தொடங்கியது. எதுகையெல்லாம் சரிதான், ஆனால் அப்படி யாரும் தேடுவதில்லை. சர்ச் கன்சோலில் தேடல் சொற்களின் பட்டியலைத் திறந்தால் மக்கள் மனம் அப்படியே தெரியும். 'கருப்பு கவுனி' என்றும் 'கறுப்பு கவுனி' என்றும் 'கவுணி' என்றும் தேடுகிறார்கள். எத்தனை மணி நேரம் ஊறவைக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். கஞ்சி வைக்கும் முறையையும் ஒரு கிலோ விலையையும் கேட்கிறார்கள். இவற்றில் கணிசமான பகுதி தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டியவை. கைப்பேசியில் தமிழ் விசைப்பலகை இருந்தாலும் பலருக்கு விரல் ஆங்கில எழுத்தின் பக்கமே போகிறது. அதனால் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு பக்கம் போட வேண்டியதில்லை, போடவும் கூடாது. ஒரே பக்கத்தில் சீரான எழுத்துக்கூட்டலில் எழுதிவிட்டு, மற்ற வழக்குகளை இயல்பான ஒரு வாக்கியத்தில் குறிப்பிட்டு, பையின் மேல் அச்சிட்டிருக்கும் ஆங்கில எழுத்துப் பெயரையும் ஓரிடத்தில் சேர்த்தால் போதும். பக்கத்தின் அடியில் நூறு சொற்களை வரிசையாகக் கொட்டுவதும், வாசகர் கண்ணில் படாமல் பக்கத்தின் நிரலில் இருக்கும் கீவேர்ட்ஸ் என்ற மெட்டா குறிச்சொல்லில் திணிப்பதும் பயனற்ற வேலைகள். அந்தக் குறிச்சொல்லைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. இன்றும் அதற்குக் கட்டணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

பக்கத்தில் என்ன எழுதுவது என்பதற்கும் அந்தப் பட்டியலே வழிகாட்டும். நண்பருக்குத் தம் அரிசியைப் பற்றித் தெரிந்தது வேறு எந்தத் தளத்திலும் இல்லை. கவுனியை முந்தின இரவே ஊறவைத்தால்தான் பதமாக வேகும், ஊறிய தண்ணீர் கருஞ்சிவப்பாக இறங்கினால் பயப்பட வேண்டாம், செட்டிநாட்டு விருந்துகளில் வைக்கும் கவுனி அரிசி இனிப்புக்கு எந்தப் பக்குவத்தில் இறக்குவது என்றெல்லாம் அவர் தொலைபேசியில் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார். அவற்றை அப்படியே எழுதச் சொன்னேன். இன்ன நோயைக் குணமாக்கும் என்ற வரிகளை எடுத்துவிடச் சொன்னேன். உடல்நலம், பணம் போன்றவற்றைத் தொடும் பக்கங்களின் நம்பகத்தன்மையைக் கூகுள் கூடுதல் கண்டிப்போடு மதிப்பிடுகிறது என்பது ஒரு காரணம். ஆதாரமில்லாமல் மருத்துவம் பேசுவது தவறு என்பது அதைவிடப் பெரிய காரணம்.

தலைப்பு விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன். தேடல் முடிவில் தலைப்புக்குக் கிடைக்கும் இடத்தின் அளவு எழுத்து எண்ணிக்கையால் அமைவதில்லை, திரையின் அகலத்தால் அமைகிறது. 'ணை', 'னௌ' என்று அகன்று விரியும் தமிழ் எழுத்துகள் ஆங்கிலத்தைவிட விரைவில் அந்த இடத்தை நிரப்பிவிடும். ஆகவே 'வருக வருக', 'முகப்பு', கடையின் நீண்ட பெயர் ஆகியவற்றை முன்னால் வைத்தால், அரிசியின் பெயர் வெட்டுப்பட்டுப் போகும். பொருள் முதலில், கடை கடைசியில். தலைப்பின் கீழே வரும் விவரக் குறிப்பு தரவரிசையைக் கூட்டாது என்றாலும், படிக்கிறவர் சொடுக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வது அதைப் பார்த்துத்தான்.

முகவரிகளைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு தீராத சந்தேகம் இருக்கிறது. கூகுளின் வலைப்பதிவுச் சேவையான பிளாக்கரில் தமிழில் தலைப்பிட்டால், 'பிளாக் போஸ்ட்' என்ற இரு ஆங்கிலச் சொற்களும் ஓர் எண்ணும் கொண்ட முகவரி தானாக அமைந்துவிடுவதைப் பழைய பதிவர்கள் அனைவரும் அறிவார்கள். வேர்ட்பிரஸ் தமிழையே முகவரியாக்கும். ஆனால் இணையத்தில் பயணிக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் (எழுத்தும், அதன் மேல் வரும் புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியீடுகள்) மூன்று பைட்டுகளாகி, ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியுடன் மூன்று எழுத்துகளாகி, மொத்தம் ஒன்பது எழுத்துகளாக நீண்டுவிடும். 'கருப்பு-கவுனி' என்ற சிறு முகவரித் துண்டு, வாட்ஸாப்பில் ஒட்டும்போது 109 எழுத்துகள் கொண்ட சதவீதக் குறிகளின் வரிசையாக மாறக்கூடும். வேர்ட்பிரஸ் அந்தத் துண்டுக்கு 200 எழுத்து வரையே இடம் தருகிறது என்பதால், ஏறத்தாழ 22 குறியீடுகளைத் தாண்டும் தமிழ்த் தலைப்பு நடுவிலேயே, சில நேரம் புள்ளியையோ கொம்பையோ இழந்து, அறுபட்டுவிடும். கூகுளுக்குத் தமிழ் முகவரியால் எந்தச் சிரமமும் இல்லை. வாசகரின் மொழியில் முகவரி இருப்பதை அது வரவேற்கவே செய்கிறது. பகிர்வதற்கு வசதியாக இருக்க வேண்டும் என்பதற்காக நான் சுருக்கமான ஆங்கில எழுத்து முகவரிகளையே வைக்கிறேன். இது விருப்பம் சார்ந்ததே. ஆனால் ஒருமுறை வைத்த முகவரியை மாற்றினால், பழையதிலிருந்து புதியதற்கு நிரந்தர வழிமாற்றம் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில் விருப்பத்துக்கு இடமில்லை.

இனி வெளியிலிருந்து வரும் சுட்டிகள். கூகுளை நிறுவிய லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் 1998-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் அடிப்படையே, ஒரு பக்கத்துக்கு வேறு பக்கங்கள் தரும் சுட்டிகளை ஆய்வுலகின் மேற்கோள்களைப் போல எடைபோடலாம் என்பதுதான். எல்லாரையும்விட முக்கியமானவர்கள் சுட்டினால் எடை கூடும். இந்தக் கருத்து வெளியே தெரிந்த நாளிலிருந்து சுட்டிகளை விற்பதும் வாங்குவதும் ஒரு தொழிலாகிவிட்டது. வலைப்பதிவுகளின் பின்னூட்டங்களில் சுட்டிகள் குப்பையாகக் கொட்டப்பட்டதைச் சமாளிக்க 2005-இல், 'இந்தச் சுட்டியை எடைபோட வேண்டாம்' என்று தேடுபொறிக்குச் சொல்லும் நோஃபாலோ என்ற குறிப்பு வந்தது. செயற்கைச் சுட்டிகளைக் குறிவைத்துப் பெங்குவின் என்ற மாற்றத்தைத் தன் தரவரிசை முறையில் கூகுள் 2012-இல் கொண்டுவந்தது. பெரிய நிறுவனங்களுக்கு விதிவிலக்கு உண்டு என்று நினைக்கவும் வழியில்லை. தேடுபொறிக்கு ஒரு பக்கமும் வாசகருக்கு வேறொரு பக்கமும் காட்டியதற்காக பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் ஜெர்மன் தளத்தையே 2006-இல் கூகுள் தன் முடிவுகளிலிருந்து நீக்கியது. ஆயிரம் சுட்டிகள் இன்ன விலை என்று மின்னஞ்சல் அனுப்புகிறவர்கள் இதையெல்லாம் சொல்லமாட்டார்கள். முதல் இடத்தை யாராலும் உத்தரவாதமாகத் தர முடியாது என்று கூகுள் தன் உதவிப் பக்கத்தில் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. உத்தரவாதம் என்ற சொல்லைக் கேட்டதும் தொலைபேசியை வைத்துவிடலாம்.

விலைக்கு வாங்காமல் சுட்டி கிடைக்குமா என்றால், சிறு தளத்துக்கும் கிடைக்கும். நண்பரிடம் நெல் வாங்கும் இயற்கை வேளாண் குழு, அவர் கடை போட்ட நெல் திருவிழாவின் பக்கம், அவருடைய அரிசியில் சமைத்துக் காட்டிய ஒரு சமையல் பதிவர் என்று உண்மையான உறவுகள் இருக்கும் இடங்களிலெல்லாம் சுட்டி கேட்பது இயல்பானதே. பலர் கேட்பதே இல்லை. அதற்கு முன்பாக, சொந்தத் தளத்துக்குள்ளேயே ஒரு பக்கம் மற்றொன்றைச் சுட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். சமையல் குறிப்பிலிருந்து அரிசிப் பக்கத்துக்குச் சுட்டி கொடுக்கும்போது, 'இங்கே சொடுக்கவும்' என்று எழுதாமல் 'கருப்பு கவுனி அரிசி' என்ற சொற்களிலேயே அதைக் கொடுத்தால், போகும் இடம் எதைப் பற்றியது என்பது வாசகருக்கும் நிரலுக்கும் ஒருங்கே விளங்கும்.

வேகத்தைப் பற்றிப் பெரிதாகப் பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான், ஆனால் அளவோடு. முதன்மை உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் திரையில் வர வேண்டும், தொட்டால் 200 மில்லி விநாடிக்குள் பக்கம் பதில் காட்ட வேண்டும் என்ற கூகுளின் அளவுகோல்கள் நல்ல இலக்குகள். நண்பரின் தளத்தில் போஸ்டர்களை எடுத்ததுமே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. தமிழ் எழுத்துரு இறங்கும்வரை வெற்றுத் திரையைக் காட்டாமல், கைப்பேசியில் இருக்கும் எழுத்துருவில் முதலில் காட்டும்படி செய்ததில் மீதியும் ஓரளவு தீர்ந்தது. அதற்கு மேல் வேகச் சோதனைக் கருவிகள் தரும் மதிப்பெண்ணை நூறாக்குவதற்கு நாள்களைச் செலவிடுவது எனக்கு உவப்பில்லாத வேலை.

அண்மைக்காலத்தில் வேறொரு ஆசை பரவியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவிடம் சொல்லி நூற்றுக்கணக்கான கட்டுரைகளை எழுதி வாங்கியோ, ஆங்கிலப் பக்கங்களை மொத்தமாக மொழிபெயர்த்தோ ஏற்றிவிட்டால், தமிழில் போட்டி குறைவு என்பதால் எளிதில் முன்னே வந்துவிடலாம் என்கிறார்கள். சில காலம் வரவும் செய்யலாம். ஆனால் வாசகருக்குப் பயனின்றித் தரவரிசைக்காகவே மொத்தமாகப் பக்கங்களைக் குவிப்பதை, எந்த வழியில் குவித்தாலும் முறைகேடு என்று 2024 மார்ச்சில் கூகுள் தன் விதிகளில் சேர்த்திருக்கிறது. தமிழில் தேடும்போது ஒரே தகவலை ஒரே நடையில் சொல்லும் பத்துப் பக்கங்களைக் கடந்து சலித்துப்போன எவருக்கும், அந்த விதி இன்னும் கடுமையாகச் செயல்படக் கூடாதா என்றுதான் தோன்றும்.

ஊரில் கடை வைத்திருப்பவர்களுக்கு மேற்சொன்ன எல்லாவற்றையும்விட விரைவில் பலன் தருவது கூகுளின் வணிகச் சுயவிவரப் பக்கம். அருகில் உள்ள கடைகளைக் காட்டும்போது கூகுள் பொருத்தம், தொலைவு, பிரபலம் ஆகிய மூன்றையும் பார்க்கிறது. தொலைவை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் சரியான வகையைத் தேர்ந்தெடுப்பது, பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் தளத்தில் உள்ளபடியே இருக்கச் செய்வது, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் விடுமுறை நேரத்தை மாற்றி வைப்பது, விமர்சனங்களுக்குப் பதில் எழுதுவது ஆகியவை ஒரு மாலை நேரத்து வேலைகள்.

இவற்றையெல்லாம் செய்த பின் நாள்தோறும் கூகுளில் சொந்தப் பெயரைத் தேடிப் பார்ப்பதில் பயனில்லை. இருக்கும் ஊர், பயன்படுத்தும் கருவி, பழைய தேடல்கள் ஆகியவற்றால் முடிவுகள் ஆளுக்கு ஆள் மாறும். மாற்றம் செய்த தேதியை ஒரு நோட்டில் குறித்து வைத்துவிட்டு, சில வாரங்கள் கழித்துச் சர்ச் கன்சோலில் அந்தப் பக்கத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்று பார்க்க வேண்டும். நிறையக் காட்டப்பட்டும் சொடுக்கு வராத சொற்கள் இருந்தால் தலைப்பையும் விவரக் குறிப்பையும் திருத்தலாம். காட்டப்படவே இல்லையென்றால் பக்கத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறதா என்று பார்க்கலாம். அரிசி போன்ற பொருளுக்குத் தைமாத விற்பனை தனி என்பதால், சனவரியை டிசம்பரோடு ஒப்பிட்டு மகிழ்வதோ வருந்துவதோ கூடாது. சர்ச் கன்சோல் 16 மாதத் தரவை வைத்திருக்கிறது. போன பொங்கலையும் இந்தப் பொங்கலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அது தாராளமாகப் போதும்.